புது பின்பால் வாங்குவதா, பழையதை ஓட வைப்பதா: என் ஸீனான் கணக்கு

என் ஸீனான் கடைசியில் ஏழு முறை மினுக்கிவிட்டது. பின்பால் இயந்திரம் பழுது பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பின்பால் என்பது சரிவான பலகையில் உருளும் உலோகப் பந்தை, ஃபிளிப்பர் என்கிற இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டித் தட்டி ஆடுகிற காசு இயந்திரம், ஸீனான் அதில் பேலி கம்பெனியின் பழைய மாடல் ஒன்று. பேலி 1980 வாக்கில் செய்த இயந்திரங்களில் மூளை போர்டின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு எல்இடி இருக்கும். பவர் போட்டதும் போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், ஒவ்வொரு பகுதியும் தேறியதும் எல்இடி ஒரு தடவை மினுக்கும், ஏழு தடவை மினுக்கினால்தான் ஆட்டம் தொடங்கும். ஐந்தில் நின்றுவிட்டால் ஆறாவது சோதனையில் கோளாறு என்று அர்த்தம். கோளாறைச் சொல்லத் திரை கிடையாது, மெனு கிடையாது, ஒரே ஒரு விளக்குதான். ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

இந்த வேலை பாதியில் இருந்தபோது கோலாலம்பூர்க் கூட்டாளி ஒருவர் புத்தம் புது இயந்திரம் ஒன்றை இறக்கினார். அதில் ஆடியும் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றி உள்ளே எட்டியும் பார்த்தேன். அதற்கப்புறம் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்விதான், புதுசு வாங்கலாமா பழசு வாங்கலாமா என்று. என் பதில் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, அதனால் வேலை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் வாங்கியது. பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய ரேடியோ விற்கிற அண்ணன் ஒருவர் வழியாகத்தான் தகவல் வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கடைவீட்டுப் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. ஏழாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள், ஓடாத சரக்கு என்பதால் 5,500-க்கு முடிந்தது. ஸீனான் 1980-இல் வந்தது, ஏறக்குறைய 11,000 இயந்திரங்கள் செய்தார்கள், கிரெக் கிமியெக் வடிவமைத்தது. பெண் குரலில் பேசிய முதல் பின்பால் இதுதான். குரலும் சத்தங்களும் சிந்தசைசர் இசைக் கலைஞர் சுசான் சியானியுடையவை. பந்தை உள்வாங்கி ஆட்டப் பலகைக்கு மேலே வளைத்து அடுத்த பக்கம் கொண்டுபோய் விடுகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்று உண்டு, எனக்கு ஆசை அந்தக் குழாய் மேல்தான்.

ஓடாத இயந்திரத்தில் என்ன பார்ப்பது என்று கேட்பார்கள். நான் போர்டைப் பார்க்கவே இல்லை. டார்ச் அடித்து ஆட்டப் பலகையின் பெயிண்டைப் பார்த்தேன், பின் கண்ணாடியில் படம் உரிந்திருக்கிறதா என்று பார்த்தேன், குழாயில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவினேன், பெட்டியின் அடிமரத்தைத் திருப்புளியால் குத்திக் கரையான் இருக்கிறதா என்று பார்த்தேன். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் திரும்ப வாங்கலாம், செய்யலாம். பெயிண்ட் போனால் போனதுதான். பலகையில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் மரம் தெரிந்தது, கரையான் இல்லை, பல்லி முட்டை மட்டும் ஏராளம்.

கொண்டுவருவது தனிக் கதை. இந்தக் காலத்து இயந்திரத்தில் தலைப்பெட்டியைக் கீல் வைத்து முன்பக்கமாக மடக்கிவிடலாம். 1980 சரக்கில் அப்படி இல்லை, உள்ளே கையை விட்டு ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கி, போல்ட்டைக் கழற்றி, தலைப்பெட்டியைத் தனியாகத் தூக்க வேண்டும். பிடுங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கனெக்டருக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டேன். கால்களைக் கழற்றிய பிறகும் கீழ்ப்பெட்டியைத் தூக்க இரண்டு தடி ஆட்கள் வேண்டும். லோரியும் ஆள்கூலியும் 280 வெள்ளி, ஜெலுத்தோங் வீட்டு முன்வாசல் வரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். சொருகக் கூடாது. மூளை போர்டில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பவர் இல்லாதபோது ஸ்கோரை நினைவில் வைத்துக்கொள்வதற்காக. நாலைந்து வருடம் ஓடினால் போதும் என்று செய்த பொருளை நாற்பது வருடம் யாரும் திறந்து பார்க்காமல் வைத்திருந்தால் பேட்டரி கசியாமல் என்ன செய்யும். என் போர்டின் ஒரு மூலை முழுக்கப் பச்சைக் களிம்பு. அந்த மூலையில்தான் பவர் கனெக்டரும் ரீசெட் பகுதியும் இருக்கின்றன, அதனால் போர்டு விழிக்கவே விழிக்காது.

இந்தக் களிம்பைக் கழுவுவதில் நிறையப் பேர் சமையல் சோடாவை எடுக்கிறார்கள், கார் பேட்டரியின் பழக்கம். கார் பேட்டரியில் இருப்பது அமிலம், அதற்குச் சோடா சரி. இங்கே கசிந்திருப்பது காரம், அதற்கு வேண்டியது அமிலம். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பழைய பல் தேய்க்கும் பிரஷ். தேய்த்ததும் நுரைக்கும். நுரை நிற்கும் வரை தேய்த்து, தண்ணீரில் அலசி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி, ஃபேனுக்கு முன்னால் ஒரு நாள் காயவிட்டேன். பேட்டரியை முதலிலேயே வெட்டி எறிந்துவிட வேண்டும், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

கழுவியதும் வேலை முடியவில்லை. களிம்பு ஏறிய செம்பு கறுத்துப் போயிருக்கும், அதன் மேல் ஈயம் ஒட்டவே ஒட்டாது. நுண்மையான உப்புத்தாளால் சுரண்டிப் பளபளவென்று செம்பு தெரிந்த பிறகுதான் ஒட்டியது. அந்த மூலையில் இருந்த ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், டையோடு எல்லாவற்றையும் கழற்றிப் புதுசு போட்டேன். எல்லாம் காசு கணக்கில் விற்கிற சாமான்கள், கோலாலம்பூர் போயிருந்தபோது ஜாலான் பாசாரில் ஒரே கடையில் வாங்கியது.

சிப்பின் சாக்கெட்டுகளை மாற்றுவதுதான் கஷ்டம். நாற்பது கால் சாக்கெட், ஒவ்வொரு காலிலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும், கொஞ்சம் அதிகமாகச் சூடு வைத்தால் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும். இதற்குச் சித்தியைக் கூப்பிட்டேன். சித்தி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மைக்ரோஸ்கோப் வைத்து ஈயம் வைக்கிற லைனில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், 1972-இல் அந்தப் பேட்டை தொடங்கி வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்த பிறகு நம் வீடுகளில் இப்படி ஒரு சித்தியோ அத்தையோ இல்லாத குடும்பம் குறைவு. வந்து உட்கார்ந்து என் சால்டரிங் அயர்னைப் பார்த்த உடனே, "எவ்வளவுடா சூடு வச்சிருக்க? பேட் தூக்கிக்கும், தள்ளு" என்றார். அப்புறம் நான் காபி கலக்கினேன், அவர் சாக்கெட் மாற்றினார். ஒரு தடம்கூடப் பெயரவில்லை.

போர்டு மேசையில் இருக்கும்போதே பவர் சப்ளையைப் பார்த்துவிடலாம். முதல் வேலை, டிரான்ஸ்ஃபார்மரின் முனைகளில் கம்பி எந்த வோல்டேஜுக்குக் கட்டியிருக்கிறது என்று பார்ப்பது. அமெரிக்க இயந்திரம், 120 வோல்ட்டுக்குக் கட்டியிருந்தால் நம் ஊர்ச் சுவரில் சொருகிய நொடியில் புகைதான். மேனுவலில் எந்த முனையை எதோடு இணைப்பது என்று அட்டவணையே இருக்கிறது. என்னுடையதில் 240-க்குத்தான் இருந்தது. பிளக் மட்டும் மூன்று முள் இல்லாமல் வெறும் இரண்டு கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள், எர்த் கம்பியை யாரோ வெட்டி வைத்திருந்தார்கள். உலோகக் கால், உலோகக் கதவு, காசு போடுகிற இடம் எல்லாம் கை படுகிற பொருளில் எர்த்தை வெட்டிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. புதுக் கம்பி, 13 ஆம்பியர் பிளக்.

ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபையர் போர்டில் ஃபியூஸ்களில் ஒன்றில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றியிருந்தது. எதிர்பார்த்ததுதான். எல்லா ஃபியூஸையும் கழற்றி, மேனுவலில் போட்டிருக்கிற அளவுக்குப் புதுசு வாங்கினேன். பிரிட்ஜ் ரெக்டிஃபையர்களை 35 ஆம்பியர் தாங்குகிறவையாக மாற்றினேன். இந்தப் போர்டின் கனெக்டர் ஊசிகள் கறுத்துக் கரிந்திருந்தன, ஏனென்றால் பலகை விளக்குகளின் கரண்ட் முழுக்க இந்த வழியாகத்தான் போகிறது. கரிந்த ஊசியைச் சுரண்டி மறுபடி சொருகுவது வீண்வேலை, போர்டு பக்கத்து ஊசியையும் கம்பி பக்கத்துக் கிளிப்பையும் இரண்டையும் மாற்ற வேண்டும். 0.156 அங்குல இடைவெளி மோலெக்ஸ் கனெக்டர், மூன்று பக்கமும் கவ்வுகிற கிளிப். இதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவி 190 வெள்ளி ஆனது, வாங்கும்போது மனம் வலித்தது, ஆனால் இடுக்கியால் நசுக்கிய கிளிப் இரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும்.

போர்டுகள் எதையும் இணைக்காமல் பவர் போட்டு, சோதனை முனைகளை மீட்டரால் தொட்டேன். காயில்களுக்கு, அதாவது ஃபிளிப்பர் மாதிரி அசைகிற பாகங்களை இழுக்கிற மின்காந்தச் சுருள்களுக்கு, 43 வோல்ட் வர வேண்டும், வந்தது. எண்கள் காட்டும் திரைகளுக்கான வோல்டேஜ் 230 வரைக்கும் போகும், அந்தப் பக்கம் கை வைக்கும்போது மறு கை பாக்கெட்டில் இருக்கட்டும். அணைத்த பிறகும் கபாசிட்டரில் கொஞ்ச நேரம் நிற்கும். 5 வோல்ட்டைச் சீராக்குகிற பெரிய கபாசிட்டர், ஒரு டின் பால் அளவுக்கு இருக்கும், 11,700 மைக்ரோஃபாரட். மீட்டரை ஏசியில் வைத்துத் தொட்டால் அலை தெரிந்தது, அப்படியென்றால் கபாசிட்டர் வற்றிவிட்டது. 15,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், புதுசு. திரைகளுக்குப் போகிற 190 வோல்ட்டைச் சின்னத் திருகால் 170-க்கு இறக்கினேன், வெளிச்சம் அவ்வளவாகக் குறையாது, வாயு நிரப்பிய அந்தக் கண்ணாடித் திரைகளின் ஆயுள் நீளும்.

இப்போது எல்இடி. முதல் தடவை நாலாவது மினுக்கு வரவில்லை. நாலும் ஐந்தும் பிஐஏ என்கிற இரண்டு சிப்புகளுக்கான சோதனை, மூளையை இயந்திரத்தின் மற்றப் பாகங்களோடு பேசவைக்கிற சிப்புகள் அவை. நாலாவதுக்கான சிப்பை ஐந்தாவதின் இடத்தில் மாற்றிப் போட்டேன், அப்போதும் நாலாவது மினுக்குதான் வரவில்லை, அப்படியானால் சிப்பில் குறையில்லை. சாக்கெட்டுக்கும் பக்கத்துச் சிப்புக்கும் நடுவே ஒரு தடம் களிம்பில் அறுந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாது, மீட்டரில்தான் பிடிபட்டது. ஒரு முடி போன்ற கம்பி வைத்து இணைத்ததும் விறுவிறுவென்று ஆறு வரைக்கும் வந்து நின்றது.

ஏழாவதில்தான் சிக்கிக்கொண்டேன். ஏழாவது மினுக்கு போர்டைச் சோதிப்பதே இல்லை, காயில்களின் 43 வோல்ட் வந்து சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதற்கான ஃபியூஸைக் கழற்றி மீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தது. மறுபடி சொருகினேன். ஃபியூஸ் சரி, பிரிட்ஜ் புதுசு, ஆக போர்டில்தான் என்று முடிவு கட்டி, அந்தப் பகுதியின் சிப்பு, ரெசிஸ்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு பயனும் இல்லை. கடைசியில் பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபியூஸின் இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் 43, மறுபக்கம் பூஜ்யம். ஃபியூஸைப் பிடிக்கிற கிளிப் அடியில் கீறி, பிடிப்பு இல்லாமல் இருந்தது. கிளிப்பின் விலை ஒரு வெள்ளிகூட இல்லை. முதல் நாள் நான் மேசையில் வைத்துத் தொட்டது ஃபியூஸுக்கு முந்தைய முனையை. இனி ஃபியூஸ் கிளிப்புகளைக் கேள்வி கேட்காமல் எல்லாம் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஏழு வந்தது. கிரெடிட் கொடுத்தேன், ஸ்டார்ட் அமுக்கினேன், ஒரு பம்பர் (பந்து பட்டால் உதைத்துத் தள்ளுகிற குமிழ்) காயில் கவ்விக்கொண்டு விடவே இல்லை, கருகல் வாடை. அணைத்தேன். காயிலை இழுக்கிற டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தது. பழைய டிரான்சிஸ்டருக்குப் பதில் டிஐபி 102 போடுவது வழக்கம், கொஞ்சம் வலுவானது, மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். காயிலின் மேல் ஒரு டையோடு இருக்க வேண்டும், அது அறுந்திருந்தால் புது டிரான்சிஸ்டரும் உடனே போய்விடும், அதனால் எல்லாக் காயில்களின் டையோடுகளையும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பவர்.

ஃபிளிப்பர்கள்தான் ஆட்டத்தின் உயிர், இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஃபிளிப்பர் காயிலின் எண்ணிலேயே அதன் ஜாதகம் எழுதியிருக்கும்: ஏக்யூ-25-500/34-4500 என்றால் 25-ஆம் அளவுத் தடித்த கம்பி 500 சுற்று, 34-ஆம் அளவு மெல்லிய கம்பி 4500 சுற்று. தடித்தது அடிக்க, மெல்லியது தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க. ஃபிளிப்பர் முழுக்க உயர்ந்ததும் ஒரு ஸ்விட்ச் திறந்து, கரண்ட் மெல்லிய சுற்று வழியாகவும் போகும்படி செய்து குறைத்துவிடும். அந்த ஸ்விட்ச் திறக்காவிட்டால் காயில் எரியும், சரியாக மூடாவிட்டால் ஃபிளிப்பருக்குத் தெம்பு இருக்காது. இந்த ஸ்விட்சின் முனை டங்ஸ்டன், அரம் வைத்துத் தேய்க்கலாம். பலகையில் மற்ற ஸ்விட்சுகளின் முனையில் தங்கப் பூச்சு, அங்கே அரம் போட்டால் பூச்சு போய்விடும், கெட்டி அட்டை ஒன்றை நடுவில் வைத்து இழுத்தாலே போதும். இரும்புத் தண்டுகளின் முனை அடி வாங்கி விரிந்து, உறைக்குள் சிக்கிச் சிக்கி வந்தது. தண்டு, இணைப்பு, நைலான் உறை, ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த செட்டாகவே வாங்கிப் போட்டேன்.

அந்த செட்டும் ரப்பர் வளையங்களும் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டியிருந்தது, மொத்தம் 780 வெள்ளி, அதில் பாதி அனுப்புகூலி. தாத்தா பாட்டி இரண்டு பேரும் கெடாவில் பால் மரம் சீவியவர்கள், அவர்கள் பேரன் ரப்பர் வளையத்தை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறான்.

விளக்குகள். பலகை வெளிச்சத்துக்கு 44-ஆம் எண் பல்புகள், 6.3 வோல்ட், ஒவ்வொன்றும் கால் ஆம்பியர் குடிக்கும். நாற்பது பல்பு என்றால் பத்து ஆம்பியர், கனெக்டர் கரிந்ததற்குக் காரணம் இதுதான், பின் கண்ணாடியின் பெயிண்ட் உரிவதற்கும் அந்தச் சூடு ஒரு காரணம். எல்லாவற்றையும் வெதுவெதுப்பான வெள்ளை எல்இடியாக மாற்றினேன், 160 வெள்ளி. ஆட்டம் கட்டுப்படுத்துகிற விளக்குகளில் மலிவான எல்இடி போட்டால் நடுங்கும், அந்தச் சுற்றுக்குக் கொஞ்சமாவது கரண்ட் இழுத்தால்தான் பிடிப்பு. ஒவ்வொன்றுக்கும் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்ததும் நடுக்கம் நின்றது. அங்கே பழைய பல்பையே விட்டுவைத்தாலும் தப்பில்லை, எனக்கு இப்போது அதுதான் நல்லது என்று தோன்றுகிறது, பழைய படத்தின் நிறம் அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் சரியாக இருக்கிறது.

பேட்டரி இருந்த இடத்தில் இன்னொரு பேட்டரி வைக்கவில்லை. பவர் இல்லாமலே நினைவில் வைத்துக்கொள்கிற மெமரிச் சில்லு ஒன்றைப் பழைய மெமரியின் சாக்கெட்டில் சொருகினேன், 90 வெள்ளி. அதுகூட இல்லாமல் ஓட்டலாம். இந்த இயந்திரத்தின் பெரும்பாலான அமைப்புகள் போர்டில் இருக்கிற 32 சின்ன ஸ்விட்சுகளில்தான் இருக்கின்றன, பேட்டரி போனால் பெரிய ஸ்கோர்தான் மறந்துபோகும்.

சரிவை 6.5 டிகிரிக்கு வைத்தேன், போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் வசதியே போதும், ஆனால் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்க்காமல் பலகையின் மேலேயே வைக்க வேண்டும். புதுப் பந்து, 27 மில்லிமீட்டர், 80 கிராம். பழைய துருப்பிடித்த பந்தைப் போட்டு ஆடினால் நீங்களே உப்புத்தாளை உருட்டுகிற மாதிரி. முதல் ஆட்டத்தைச் சித்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஸீனானில் பம்பரில் பந்து படும்போதெல்லாம் அந்தப் பெண் குரல் ஒரு மாதிரியாக முனகும். சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா சத்தம் இது, வாசக் கதவைச் சாத்து" என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே ஸ்டார்ட்டை அமுக்கிக்கொண்டிருந்தார், கதவு சாத்தித்தான் இருந்தது.

இனி புது இயந்திரம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இன்றைக்குப் பெரிய கம்பெனி ஸ்டெர்ன், 1999-இல் வில்லியம்ஸ் பின்பாலைக் கைவிட்ட பிறகு பல வருடம் உலகத்தில் அவர்கள் மட்டும்தான் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார்கள், ஜெர்சி ஜாக் தன் முதல் இயந்திரத்தை 2013-இல் அனுப்பிய பிறகு போட்டி வந்தது. ஸ்டெர்னில் ஒரே ஆட்டத்தையே புரோ, பிரீமியம், எல்இ என்று மூன்று விலையில் விற்கிறார்கள். அடிமட்டப் புரோவே அமெரிக்காவில் ஏழாயிரம் டாலர் அளவில், டாலர் ரேட்டைப் பொறுத்து முப்பதாயிரம் வெள்ளியைத் தொடும், அதற்கு மேல் கப்பல் கூலி, வரி.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்றால், நிறையவே கிடைக்கிறது. கூட்டாளி வீட்டில் ஆடிய ஒரு மாலையில் நான் பார்த்தது அந்த ஆட்டத்தின் கால்வாசிகூட இருக்காது. ஒரு கட்டம் முடித்தால் இன்னொரு கட்டம், திரையில் படம், பந்து சீக்கிரம் விழுந்துவிட்டால் திருப்பிக் கொடுக்கிறது. ஸீனானில் மூன்று பந்தும் இரண்டு நிமிடத்தில் போய்விடும், கருணையே கிடையாது. ஒரு ஸ்விட்சில் கம்பி கழன்றிருந்ததைப் புது இயந்திரம் திரையிலேயே பெயர் சொல்லிக் காட்டியது, பத்து நிமிட வேலை. ஃபிளிப்பர் வலுவை மெனுவில் கூட்டலாம், குறைக்கலாம். பல்பு மாற்றுகிற பேச்சே இல்லை. நான் வினிகரும் பிரஷும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

நான் மனசுக்குள் வைத்திருந்த ஆட்சேபம் ஒன்றுதான்: உள்ளே எல்லாம் அரிசி நொய் அளவு பாகங்கள், பலகைக்குக் கீழே அங்கங்கே சின்னச் சின்ன போர்டு, நெட்வொர்க் கேபிள் மாதிரி ஒன்றால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, கெட்டால் வீட்டில் பழுது பார்க்க முடியாது. அந்த போர்டை எடுத்த போட்டோவைச் சித்தியிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான்டா எனக்குச் சுளுவு, வாழ்நாள் பூரா இதைத்தானே செஞ்சேன்" என்றார். சரி என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடியே, "இதுக்கு டிராயிங் எங்க?" என்று கேட்டார்.

என் ஸீனான் மேனுவலில் ஒவ்வொரு போர்டின் முழுச் சர்க்யூட் படமும் இருக்கிறது, எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பது வரைக்கும். காசு போட வைக்கிற கடைக்காரனின் மெக்கானிக் அன்றைக்கு இரவே சரிசெய்ய வேண்டும் என்பதற்காக அச்சிட்டது அது. புது இயந்திரங்களில் பலவற்றுக்கு அந்தப் படம் வெளியே கிடைப்பதில்லை. எந்த போர்டு என்று கண்டுபிடித்து, நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து மாற்று போர்டு வரவழைத்துச் சொருகு என்பதுதான் வழி. உத்தரவாதக் காலத்துக்குள் அது நல்ல வழிதான். பதினைந்து வருடம் கழித்து அந்த போர்டு யாரிடம் இருக்கும் என்பதுதான் என் பயம். பினாங்கில் கைக்குப் பஞ்சமில்லை, சித்தி தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். படம் இல்லாமல் அந்தக் கைகள் என்ன செய்யும்? இதுவரைக்கும் நான் "பழசுதான் எளிது, புதுசு சிக்கல்" என்று சொல்லித் திரிந்தது சரியான காரணமே இல்லை.

இதற்கு நடுவில் 90-களின் இயந்திரங்கள் என்று ஒரு வகை உண்டு, அதைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1992-இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 விற்றது, அவ்வளவு விற்ற பொருள் மலிவாக இருக்கும் என்று நினைத்தால் இல்லை, நல்ல நிலையில் இருப்பது புதிய இயந்திரத்தின் விலைக்கே போகிறது. ஆட்டம் பிரமாதம், மறுக்கவில்லை, சர்க்யூட் படமும் கிடைக்கும். ஆனால் முப்பது வருடத்துப் பிளாஸ்டிக் ராம்ப் (பந்து ஏறிப்போகிற பாதை), அந்தப் பெட்டியிலும் மூன்று பேட்டரி, அவையும் கசியும், புதுசின் விலை, உத்தரவாதம் பூஜ்யம். மெடீவல் மேட்னஸ் மாதிரி சிலவற்றைச் சிகாகோ கேமிங் 2015-இலிருந்து மறுபடி செய்து விற்கிறார்கள், 90-களின் ஆட்டம்தான் வேண்டும் என்றால் நான் அந்தப் பக்கம் போவேன்.

என் கணக்கு: இயந்திரம் 5,500. லோரி 280, போர்டு சாமான்களும் கனெக்டரும் 240, கிரிம்பிங் கருவி 190, ஃபிளிப்பர் செட்டும் ரப்பரும் 780, எல்இடி 160, மெமரி 90, வேக்ஸ், ஆல்கஹால், துணி என்று 60. மொத்தம் 7,300 வெள்ளி. இதில் சித்தியின் கூலி இல்லை, அது பொங்கலுக்கு ஒரு சேலையாகப் போகும். என் நேரத்தையும் சேர்க்கவில்லை, சேர்த்தால் புது இயந்திரம் மலிவு என்று வந்துவிடும், மீட்டர் பிடிப்பது உங்களுக்கு இன்பமாக இல்லையென்றால் அந்தக் கணக்குதான் உண்மையான கணக்கு.

அடுத்த தடவை மாற்றிச் செய்யப்போவது: களிம்பு ஏறிய மூளை போர்டோடு முதலில் மல்லுக்கட்ட மாட்டேன். இந்த வகை இயந்திரங்களுக்கென்று புதிதாகச் செய்த மாற்று போர்டு கிடைக்கிறது, அதைப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டு, மற்றக் கோளாறுகளை முடித்துக்கொண்டு, பழைய போர்டை ஓய்வாகச் சரிசெய்வேன். ஏழாவது மினுக்குக்கு இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டியதில்லை, புது போர்டிலும் அது வந்திருக்காது, உடனே ஃபியூஸ் பக்கம் போயிருப்பேன்.

கூட்டாளிக்கும் சேர்த்து ஒன்று: கடலோர ஈரம் எந்த வருடத்து இயந்திரத்தையும் விடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்தேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுப்பில் காயவைத்துத் திரும்ப வைக்கிறேன், காற்றோட்டத் துவாரங்களுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டினேன், பல்லி இனி வராது. இன்னும் பாக்கி இருப்பது ஒலிபெருக்கியில் ஒரு இரைச்சல், சத்த போர்டின் கபாசிட்டர்கள்தான் என்று நினைக்கிறேன். சித்தி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், சத்தத்தைச் சரிசெய்வதற்கா, அவருடைய ஸ்கோரை நான் தாண்டிவிட்டதற்கா என்று சொல்லவில்லை.